கதவுக்குப் பின்னால் நான் போட்ட கையெழுத்து

அன்புள்ள டேவிட்,

முந்தாநாள் அனுப்பிய தந்தி கிடைத்திருக்கும். ஜெயாவின் ரத்தத்தை இன்றே சோதித்துவிடு என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லாததைப் பார்த்து, அப்பாவுக்குப் பழைய உத்தியோகப் புத்தி இன்னும் போகவில்லை என்று நீ சிரித்திருப்பாய். சிரித்தால் பரவாயில்லை, சோதித்திருந்தால் சரி. இன்னும் சோதிக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. மீதியைத் திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம். பதினெட்டு வருஷமாக எழுதாமல் இருந்த கடிதம் இது. இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருப்பதால் கெட்டுப் போகாது.

உன் கடிதம் வந்த அன்று வழக்கம்போல உன் அம்மாதான் அதை உரக்கப் படித்தாள். ஜெயாவுக்கு ஏழாம் மாதம் என்பதையும், ரூர்கேலாவில் மழை விடாமல் பெய்கிறது என்பதையும் சிரித்துக்கொண்டே படித்தாள். பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஜெயாவுக்குச் சாயங்காலம் குளிரெடுத்துக் காய்ச்சல் வருகிறது, அங்கே வந்திருக்கும் அவள் அம்மா மாசத்தில் இதெல்லாம் சகஜம் என்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் சேர்த்துவிடுவார்கள், வளைகாப்புக்கு ஆட்களைக் கூப்பிட்டாயிற்று, அது முடிந்ததும் போகலாம் என்று நீ எழுதியிருந்த பாராவுக்கு வந்தாள். படித்துவிட்டுக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் அப்ப இப்படித்தாங்க குளிர் வந்துச்சு. ஜெயாவ ரயில்ல எங்கயும் கூட்டிக்கிட்டுப் போவாதன்னு அவனுக்கு எழுதுங்க. நான் சொன்னா கேக்க மாட்டான், நீங்க எழுதினா கேப்பான்" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போனேன். அவள் எழுதச் சொன்னதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வீட்டில் யாரும் மின்சார ரயிலில் ஏற மாட்டோம் என்பதை வைத்து நீ எத்தனை கிண்டல் செய்திருக்கிறாய். சேலையூரிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் தாம்பரம் ஸ்டேஷன். ஆனால் மாம்பலத்தில் துணி எடுக்கவும் சரி, எழும்பூரில் உன் சித்தப்பா வீட்டுக்குப் போகவும் சரி, உன் அம்மா பஸ்ஸுக்குத்தான் நிற்பாள். வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்பாள். "அம்மாவுக்கு ரயில் என்றால் பேய்" என்று காலேஜ் நாட்களில் நீ சொல்வாய், அவளும் சிரித்து வைப்பாள். நீ பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பிருந்து அவள் அந்த ரயிலில்தான் சைதாப்பேட்டைக்குப் போய் வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். உன் பிரசவத்துக்கு எடுத்த லீவைத் தவிர ஏழு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. கூட்டத்தில் நின்றுகொண்டே பிள்ளைகளின் சிலேட்டுக் கணக்கை மனதில் போட்டுக்கொண்டு போவாள். அவள் ஏன் வேலையை விட்டாள் என்று நீ ஒரு தரம் கேட்டதற்கு, வீட்டைப் பார்த்துக்கொள்ள விட்டாள் என்று சொன்னேன். அது பொய்.

என் வேலை உனக்குத் தெரியும். ஊர்க்காரர்களுக்கு நான் மலேரியா சார். சேலையூரில் ஆரம்பித்து மேடவாக்கம் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பின் கரை வரைக்கும் என் பொறுப்பு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சைக்கிளை நிறுத்தி, யாருக்காவது காய்ச்சலா என்று கேட்க வேண்டும். காய்ச்சல் என்றால் எந்தக் காய்ச்சலானாலும் விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, பெயர் எழுதி, கையோடு மாத்திரை கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சுவரில் அச்சுக் குத்தியிருக்கும் கறுப்புக் கட்டத்தில் தேதியைப் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். அந்தக் கட்டம் நம் வீட்டிலும் முன்கதவுக்குப் பின்னால் இருந்தது. நம் வீடும் என் பொறுப்பில்தானே வந்தது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது அதை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்வேன். அப்போது எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

இந்த இடத்தில் கன்னியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடவாக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் வேலை பார்த்த பெண். ஐந்து மாதம். மேலெல்லாம் அனல், ஆனால் விரலை நீட்ட மாட்டேன் என்றுவிட்டாள். "இன்னா சார், மாசமா கீறேன்னு தெரியுதில்ல? கீற ரத்தத்தையும் நீ எட்த்துகினு பூட்டா என் புள்ளைக்கு இன்னா கீது?" என்று கேட்டாள். நான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அவளுக்குப் பாடமே எடுத்தேன். மற்றவர்களைவிட மாசமாக இருக்கும் பெண்ணைத்தான் இந்தக் காய்ச்சல் மோசமாகப் பிடிக்கும், அவள் ரத்தத்தைக் குடித்துச் சோகையாக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும் நஞ்சுக்கொடியில் போய் உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்குப் போகிற சாப்பாட்டைக் குறைக்கும், பிள்ளை மாசம் ஆகாமலே பிறக்கும், பிறந்தாலும் எடை இருக்காது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்த மாத்திரை பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது, காய்ச்சலை விட்டுவைப்பதுதான் செய்யும் என்றும் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "உன் வூட்டம்மாவா இருந்தா குத்துவியா சார்?" என்றாள். "மொத ஆளா குத்துவேன்" என்றேன். அவள் விரலை நீட்டிவிட்டாள். அவள் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் முடிவு வந்தது. அப்போது உன் அம்மாவுக்கு மூன்று மாதம். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தாய்.

உன் அம்மாவுக்கு ஏழாம் மாதம் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாயில் படுத்து, இருக்கிற போர்வையை எல்லாம் போர்த்திக்கொண்டு பல் கிட்ட நடுங்கினாள். ஒரு மணி நேரம் கழித்து உடம்பு கொதித்தது, அதன் பிறகு வேர்த்து ஊற்றியது. மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். அதற்கு மறுநாள் சாயங்காலம் அதே நடுக்கம். டேவிட், அது என்னவென்று கண்டுபிடிக்க டாக்டர் வேண்டியதில்லை. என்னைப் போல ஆயிரம் வாசல் ஏறி இறங்கியவனுக்கு அடுத்த அறையிலிருந்து அந்தப் பல் சத்தத்தைக் கேட்டாலே தெரியும். எனக்குத் தெரிந்தது. எங்கே கடித்ததோ, சைதாப்பேட்டைப் பள்ளிக்கூடத்துக் கிணற்றுக் கொசுவோ, நம் வீட்டுக் கிணற்றுக் கொசுவோ, அதைத்தான் அறியேன்.

அந்த மாதம்தான் எங்கள் இன்ஸ்பெக்டர் எல்லோர் முன்னாலும் என்னை நிற்க வைத்து, "இவரு ஏரியாவுல ஒரு வருஷமா ஒரு கேஸ் கூட கெடையாதுய்யா. அடுத்த ப்ரமோஷன் லிஸ்ட்ல இவரு பேரு இருக்கும், பாருங்க" என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு வருஷம் கழித்து வருகிற முதல் கேஸ் என் வீட்டிலிருந்தா வர வேண்டும்? மலேரியாக்காரன் வீட்டிலேயே மலேரியா என்று டீக்கடையில் பேசுவார்களே என்று நினைத்தேன். பையில் மாத்திரை இருந்தது. தினமும் அந்தப் பையை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கைகால் கழுவுவேன். ஆனால் ரத்தம் எடுக்காமல் மாத்திரை கொடுத்தால் கணக்கு இடிக்கும், ரத்தம் எடுத்தால் பெயர் போகும். மாசக் காய்ச்சல்தான், தானாக விட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கன்னியம்மாளிடம் யார் இதைச் சொல்லியிருந்தாலும் அடித்தே விரட்டியிருப்பேன்.

பதினைந்தாம் நாள் நம் வீட்டு முறை வந்தது. உன் அம்மா உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் போய், பென்சிலை எடுத்து, கட்டத்தில் தேதியைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். காய்ச்சல் யாருக்கும் இல்லை என்று அதற்கு அர்த்தம். நீ அங்கே நின்றிருந்தாய். "அம்மாவுக்குத்தான் காய்ச்சல் அடிக்குதே, ஏம்ப்பா குத்தல?" என்று கேட்டாய். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். உனக்கு அது நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குப் பல வருஷமாகப் பயம். நினைவில்லை என்றால் இப்போது தெரிந்துகொள். அந்த வீட்டில் அன்றைக்குச் சரியானதைப் பேசியவன் நீ ஒருவன்தான்.

ஒரு மாதம் முன்னதாகவே வலி வந்துவிட்டது. உன் தங்கை கிருபா பிறந்தாள். என் உள்ளங்கையும் முன்கையுமாக அவளைத் தாங்கிவிடலாம், அவ்வளவுதான் இருந்தாள். உறிஞ்ச வலுவில்லை. உன் அம்மா ஏற்கெனவே ரத்தம் செத்துப் போயிருந்தவள், பிரசவத்தில் போனதும் சேர்ந்து உதடு வெளுத்துக் காகிதமாகக் கிடந்தாள். நான்காம் நாள் மறுபடியும் அதே குளிர். துணைக்கு வந்திருந்த உன் பெரிய அத்தை, அதுதான் என் அக்கா, பால் கட்டின காய்ச்சல் என்றாள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு போடும் என்று வெந்நீரைக்கூட அரை டம்ளர்தான் கொடுத்தாள். வேர்த்து ஓய்ந்த பிறகு உன் அம்மா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது. பிரசவத்தோடு இந்தக் காய்ச்சல் போய்விடாது, பெற்ற பிறகு பல வாரம் வரைக்கும் தாய்க்கு ஆபத்துதான், காய்ச்சல்காரிக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து என்று வாசல் வாசலாகச் சொன்னவன் அதே வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பதினோராம் நாள் விடியும்போது கிருபா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு உன் அத்தை கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள்: "வயித்த தள்ளிக்கிட்டு தெனம் ரயில்ல நின்னுக்கிட்டே போனா உள்ள இருக்கறது என்னத்துக்கு ஆவும்? அந்தக் குலுக்கல் தாங்குமா? நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன், யாரு கேட்டா?" கெட்ட எண்ணத்தில் சொன்னவள் இல்லை, அவளுக்குத் தெரிந்தது அதுதான். உன் அம்மா என்னைப் பார்த்தாள். அப்படி இல்லை என்று நான் சொல்வேன் என்று பார்த்தாள். அந்த வீட்டில் காய்ச்சலைப் பற்றித் தெரிந்தவன் நான், என் வாயிலிருந்து வருவதை அவள் நம்புவாள். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வாரம் ராஜினாமா கடிதத்தை எழுதி என் கையில் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடச் சொன்னாள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிருபா அதனால்தான் போனாள் என்று எந்த டாக்டரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் ரயிலால் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது, உன் அம்மாவுக்கு நினைவு தப்பி இருந்தபோது, ஒருவழியாக அவள் விரலில் குத்தினேன். சில்லில் பெயர் எழுத வேண்டும். என் கை கன்னியம்மா, மேடவாக்கம் சூளை என்று எழுதியது. பிள்ளை பெற்றுக்கொள்ள அவள் தன் ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது, யாரும் தேடிப் பிடிக்க முடியாது. மலேரியா இருக்கிறது என்று முடிவு வந்தது. "வெளியூர்க்காரிதானே, வுடு, இது உன் கணக்குல வராது" என்றார் இன்ஸ்பெக்டர். என்னை நம்பி விரலை நீட்டிய பெண்ணின் பெயரில் என் வீட்டு நோயை எழுதி அனுப்பினேன். அவளுக்கென்று வந்த மாத்திரையை, ரத்தம் ஊற டாக்டர் கொடுத்தது என்று சொல்லி உன் அம்மாவுக்குக் கொடுத்தேன். அதில் ஒரு மாத்திரை கர்ப்பிணிக்கும் கொடுக்கக் கூடாது, கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவளுக்கும் கொடுக்கக் கூடாது. நம் வீட்டில் அந்த இரண்டு தடையும் நீங்கியிருந்தது. இரண்டு வாரத்தில் அவள் எழுந்து நடமாடினாள். அடுத்த வருஷம் நான் இன்ஸ்பெக்டர் ஆனேன். என் கழுத்தில் மாலை போட்ட அன்றைக்கு அவள் பாயசம் வைத்தாள், உனக்கு நினைவிருக்கும்.

ஒழித்துவிட்டோம் என்று நாங்கள் சொன்ன காய்ச்சல் இன்று எங்கு பார்த்தாலும் திரும்பி வந்திருக்கிறது. என்னைப் போல எத்தனை பேர் எத்தனை கதவுக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டோமோ. சரி, ஜெயாவுக்கு வருகிறேன். ஒரு தரம் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாதே. மாசமாக இருப்பவள் உடம்பில் அது விரல் நுனிக்கு வராமல் உள்ளேயே ஒளிந்திருக்கும். குளிர் வரும்போதெல்லாம் எடுக்கச் சொல். எந்த மாத்திரை மாசத்தில் கொடுக்கலாம், எது கூடாது என்று டாக்டருக்குத் தெரியும், நீயாகவோ உன் மாமியாராகவோ எதையும் நிறுத்தாதீர்கள், கொடுக்கவும் கொடுக்காதீர்கள். சோகை இருக்கிறதா என்று கேள். கொசுவலை இல்லாமல் ஒரு நாளும் படுக்கக் கூடாது. பிள்ளை பிறந்த பிறகு காய்ச்சல் வந்தால் பால் கட்டியது, காற்றுப் பட்டது என்று யார் சொன்னாலும் முதலில் ரத்தத்தைச் சோதி, கேட்கிற அளவுக்குத் தண்ணீர் கொடு. வளைகாப்புக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காதே. வளையல் அடுத்த மாதமும் கடையில் இருக்கும். நாலு பேர் பேச்சுக்குப் பயந்தவனின் மகன் நீ, அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

இதுவரை எழுதியதை நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கையில் பென்சிலோடுதான் உட்கார்ந்தாள். என் கடிதங்களில் சந்திப்பிழை திருத்துவது அவள் வழக்கம். முதல் பக்கத்தில் இரண்டு இடத்தில் திருத்தியிருக்கிறாள், நீயே பார்க்கலாம். அதன் பிறகு பென்சில் படவில்லை. முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். "அப்ப அந்தப் பையில மாத்திரை இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். "தெனமுமா?" என்றாள். தினமும் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்க் கொடியில் இருந்த துணியை எடுத்து மடித்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், அது எனக்கே கூசியது.

இன்று காலை குளித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவாளே, அந்த மாதிரி கொசுவத்தை இறுக்கிச் செருகிப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையில் பெட்டி. "நான் ஜெயாகிட்ட போறேன். சென்ட்ரல்ல பெண்கள் பெட்டியில எடம் கெடைக்கும்" என்றாள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வர வேணாம்" என்றாள். சரி, சென்ட்ரல் வரைக்குமாவது பஸ்ஸில் கொண்டுவந்து விடுகிறேன் என்று பெட்டியைத் தொட்டேன். அவள் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "பஸ்ஸு வேணாம், மின்சார ரயில்லயே போயிடுவேன். ஏழு வருஷம் போன வழிதானே, எனக்குத் தெரியும்" என்றாள். இந்தக் கடைசிப் பாராவை அவள் வாசலில் நிற்க நிற்க எழுதுகிறேன். கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அங்கே வந்த பிறகு என்னைப் பற்றி அவள் பேசினால் கேட்டுக்கொள், பேசாவிட்டால் கிளறாதே. திரும்பி வருவாளா என்று கேட்டு எனக்கு எழுதவும் வேண்டாம். ஜெயாவின் விரலில் குத்தும்போது பக்கத்திலேயே நில். அந்தச் சில்லில் ஜெயாவின் பெயரைத்தான் எழுதுகிறார்களா என்று பார்.

அப்பா